மணல்நிலத்து வளவும் மாரித் தோட்டமும்: சாய்ந்தமருதுக் கரையை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

இலங்கையின் கீழ்க்கரையில், கல்முனைக்குத் தெற்கே, கடலுக்கும் கரைவாகு வயல்வெளிக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் மணற்றிட்டின்மீது அமைந்த ஊர் சாய்ந்தமருது. சாய்ந்து நின்ற மருதமரம் ஒன்றை அடையாளமாகக் கொண்டு இப்பெயர் எழுந்தது என்பது வழங்கிவரும் விளக்கம். மருதம் நன்னீர்க் கரைகளை நாடி வளரும் மரம். உப்புக்காற்று வீசும் கடலோர ஊரொன்று அம்மரத்தின் பெயரைத் தாங்கி நிற்பது முதற்பார்வையில் முரணாகத் தோன்றலாம். ஆயின் இக்கரையோர மணலுக்கு அடியில் நன்னீர் உண்டு. அந்நீரை நம்பியே இங்கு வீடுகளும் வளவுகளும் தோன்றின. அவ்வளவுகளில் மாரிக்கு முன்னரும் மாரியிலும் நடைபெற்றுவந்த தோட்ட வேலைகளின் வரலாறு பெரும்பாலும் எழுதப்படாதது. வயல் இறை செலுத்தியது. ஆதலால் ஆவணங்களில் இடம்பெற்றது. வளவில் விளைந்த பயற்றங்காய்க்கும் முருங்கையிலைக்கும் எவரும் கணக்கு வைத்ததில்லை.

இப்பிரதேசம் உலர்வலயத்தைச் சேர்ந்தது என்பது பாடநூல் அறிவு. ஆயினும் மழைக் கணக்கை நோக்குமிடத்து ஒரு வியப்பு உண்டாகும். அண்மையிலுள்ள மட்டக்களப்பு ஆண்டுக்கு 1,600 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட மழையைப் பெறுகின்றது. பசும்புல்லுக்குப் பெயர்பெற்ற இங்கிலாந்தின் தலைநகரான இலண்டன் பெறுவது ஏறத்தாழ 600 மில்லிமீற்றரே. இலண்டனிலும் இரண்டரை மடங்கு மழை பெறும் நிலத்தை வரண்ட நிலம் என்பது எவ்வாறு பொருந்தும்? விடை மழையின் அளவில் இல்லை. அது வரும் காலத்தில் உள்ளது. இங்கு ஆண்டு மழையில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு ஒக்டோபர் முதல் ஜனவரி வரையிலான நான்கு மாதங்களில், வடகீழ்ப் பருவக்காற்றோடு வந்து கொட்டித் தீர்ந்துவிடும். வைகாசி தொடங்கி ஆவணி வரை மலைநாட்டைக் கடந்து ஈரம் இழந்து இறங்கும் கச்சான் காற்று, மண்ணிலும் இலையிலும் எஞ்சியுள்ள ஈரத்தையும் உறிஞ்சிச் செல்லும். (இக்கரையில் நிலக்கடலைக்கும் கச்சான் என்பதே பெயர். காற்று ஓய்ந்து மழை விழுந்தபின் மணலில் ஊன்றப்படும் பயிர்களுள் அதுவும் ஒன்று.) ஆகவே இங்குத் தோட்டம் செய்தல் என்பது நான்கு மாதத்து நீரை எட்டு மாதத்துக்கு எவ்வாறு காப்பது என்னும் வினாவுக்குக் கண்ட விடையே எனலாம்.

தமிழ் மரபு ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாக வகுத்து ஐப்பசியையும் கார்த்திகையையும் கூதிர் என்றது. ஐரோப்பியர் இலையுதிர்காலம் என்று கொள்ளும் பருவத்தோடு அது பெரும்பாலும் ஒத்துவருகின்றது. ஆயினும் நாட்காட்டியில் ஒத்த இரு பருவங்களும் தோட்டத்தில் எதிரெதிரானவை. இங்கிலாந்துத் தோட்டக்காரனுக்கு அது வளர்ச்சி அடங்கும் காலம். உதிர்ந்த இலைகளை வாரி அகற்றி, புற்றரையைக் கிளறிக் காற்றோட்டம் செய்து, பனிக்கு முன் புல்விதை தூவி அவன் ஆண்டின் வேலையை முடித்துக்கொள்வான். கீழ்க்கரைப் பெண்ணுக்கோ ஐப்பசியிலேதான் ஆண்டு தொடங்கும். உதிர்ந்த சருகு அவளுக்குக் குப்பையன்று, வருங்கோடைக்கான சேமிப்பு.

புற்றரை என்பதன் வரலாறும் ஈண்டுச் சுருக்கமாக நோக்கத்தக்கது. ஆண்டு முழுவதும் சிறுசிறு மழையாய்ப் பெய்யும் நாட்டில், முதலில் ஆடுகள் மேய்ந்தும் பின்னர் அரிவாள் கொண்டு அரிந்தும் பேணப்பட்ட செல்வர் மனைப் புல்வெளி, 1830ஆம் ஆண்டில் எட்வின் படிங் என்பார் புல்வெட்டும் பொறியை ஆக்கியபின் நடுத்தர வகுப்பினர் வீடுகளுக்கும் பரவியது. பிரித்தானியர் சென்ற இடமெல்லாம் அதனையும் உடன் கொண்டுசென்றனர். கொழும்பில் தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் 1859இல் அமைத்த காலிமுகத்திடல் அதற்குத் தக்க சான்று. கொழும்பு ஈரவலயத்து நகரம். அங்கேயே கடற்காற்றிலும் வெயிலிலும் அத்திடலின் புல் பலமுறை கருகிப் போய் மீண்டும் பதிக்கப்பட வேண்டியதாயிற்று. பேராதனைப் பூங்காவின் பொறுப்பாளராக விளங்கிய எச். எவ். மக்மில்லன் 1910இல் வெளியிட்ட வெப்பவலயத் தோட்டக்கலைக் கைந்நூல் இத்தீவின் தோட்டக்காரருக்கு நெடுங்காலம் வழிகாட்டியது. எனினும் 1821இல் நிறுவப்பெற்ற பேராதனைப் பூங்கா மகாவலி வளைந்தோடும் ஈரமான மத்திய நாட்டில் உள்ளது. கீழ்க்கரை மணலுக்கு வழிகாட்டி அம்மணலில் வாழ்ந்தோரின் அனுபவமே.

அம்மணலின் இயல்பை விளங்கிக்கொள்ளாமல் தோட்டத்தை விளங்கிக்கொள்ள இயலாது. கடலோர மணலின் ஊடாக இறங்கும் மழைநீர், அதனினும் கனமான கடல்நீரின்மேல் ஒரு வில்லையைப் போல மிதந்து நிற்கின்றது. ஒல்லாந்தராகிய கைபன் 1880களின் இறுதியிலும், ஜேர்மானியராகிய ஹேர்ஸ்பேர்க் 1901இலும் இதன் கணக்கைத் தனித்தனியே கண்டு உரைத்தனர். கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓர் அடி உயர்ந்து நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ நாற்பது அடி ஆழத்துக்கு அது பரந்து நிற்கும். மேலே ஓர் அடி குறைந்தால் கீழே நாற்பது அடி உவர்நீர் ஏறும். இலங்கையின் தரைக்கீழ் நீரை வகைப்படுத்திய அறிஞர் சீ. ஆர். பானபொக்க, கரையோர மணலின் ஆழமற்ற நீர்ப்படுகையைத் தனி ஒரு வகையாகவே குறித்தார். சாய்ந்தமருதின் பழைய குடிகள் இக்கணக்கை அறிந்திருக்க வாய்ப்பில்லை. ஆயின் அதற்கு இசைந்தே நடந்தனர். பூவல் எனப்படும் ஆழமற்ற குழிகளையும் சிறு கிணறுகளையும் தோண்டினர். ஆழமாகத் தோண்டினால் நீர் உவர்க்கும் என்பது அவர்களின் பட்டறிவு. குடத்தாலும் பட்டையாலும் மெல்ல மெல்ல அள்ளினர். அள்ளும் கருவியின் சிறுமையே நீருக்குக் காவலாயிற்று.

இந்நிலையில் வீட்டின் முன்னால் புல் இல்லாமையின் பொருளும் புலப்படும். கீழ்க்கரையின் தமிழர் வீடாயினும் முஸ்லிம்கள் வீடாயினும் முற்றம் என்பது வெண்மணல் முற்றமே. விடியற்காலையில் ஈர்க்குமாற்றால் கோடு விழப் பெருக்கப்பட்டு, பெருநாள் வரும்போது கடற்கரையிலிருந்து புதுமணல் கொணர்ந்து பரப்பப்பட்டு, புல்முளை கண்ட இடத்தில் உடனே கிள்ளப்பட்டு அது பேணப்பட்டது. பூச்சி பாம்பு தெரிவதற்கு என்றும் தூய்மைக்கு என்றும் இதற்குக் காரணம் கூறுவர். இவற்றோடு நீர்க்காரணமும் உண்டு. வெறுமணலில் விழும் மழை ஓடாமல் கீழே இறங்கும். மேலே உலர்ந்த மணற்படை போர்வையாய் நின்று அடியிலுள்ள ஈரம் ஆவியாகாமல் தடுக்கும். புல் வளர்ந்தாலோ அவ்வீரத்தை ஓயாது குடித்துக்கொண்டிருக்கும். புல்லற்ற முற்றத்தை அயல்நாட்டார் வறுமையின் அடையாளமாகக் கண்டிருக்கக்கூடும். நீர்க்கணக்கில் அதனினும் சிக்கனமான முற்றத்தை அந்நிலத்துக்கு வகுத்தல் அரிது.

மாரித் தோட்டத்தின் வேலை புரட்டாதியிலேயே தொடங்கிற்று. கோடை முழுதும் உதிர்ந்த பூவரசு, பலா, மா இலைகளின் சருகு மரத்தடிகளில் ஒதுக்கப்பட்டது. ஒரு பகுதி மாலையில் நுளம்புப் புகைக்காக எரிக்கப்பட்டுச் சாம்பலாகிக் கீரைப் பாத்திக்குச் சென்றது. எஞ்சியது வட்டக் குழிகளில் மக்கவிடப்பட்டது. தென்னையைச் சூழ அகழி வெட்டிப் பொச்சுமட்டைகளை அடுக்கிப் புதைப்பது மற்றொரு வழக்கம். மட்டையின் குழிந்த பக்கம் மேல்நோக்கி இருக்கவேண்டும் என்பது விதி. அவ்வாறு அடுக்கிய மட்டை மழைநீரைப் பஞ்சு போல் உறிஞ்சி வைத்திருந்து கோடையில் வேருக்கு வழங்கும். லுணுவிலத் தெங்கு ஆராய்ச்சி நிலையம் பிற்காலத்தில் பரிந்துரைத்த முறையும் இதுவே. கரைவலை இழுக்கும் பருவத்தில் கழிந்த மீன்தலையும் செதிலும் முருங்கைக்கும் வாழைக்கும் அடியில் புதைக்கப்பட்டன. மணலில் உரம் தங்காது. முதல் அடைமழையே அதனை அடித்துச் சென்றுவிடும். ஆதலால் மக்கும் பொருளைச் சிறிது சிறிதாக, வேரின் அருகிலேயே இடுதல் இங்குக் கட்டாயமாயிற்று.

அடுத்தது வேலி. கிடுகு பின்னுதல் பெண்களின் கைவேலை. மழைக்கு முன் பழைய கிடுகு அகற்றிப் புதியது கட்டுவர். ஆடு மாட்டைத் தடுப்பதும் வீட்டின் மறைவைக் காப்பதும் வேலியின் வெளிப்படையான பயன்கள். வடகீழ்க் காற்றோடு வரும் உப்புத்துளி இளஞ்செடிமீது படாமல் தடுப்பது அதன் மறைவான பயன். முதல் மழை விழுந்ததும் பூவரசங் கதியாலும் கிளிசரியாக் கதியாலும் வேலியோரம் நடப்படும். அவ்வீரத்தில் வேர்விட்ட கதியால் அடுத்த கோடையைத் தாங்கும், தைக்குப் பின் நட்டது தாங்காது. இந்த நாட்கணக்கு தவறினால் ஓராண்டு தவறியதாகும்.

மழை நன்கு ஊறியபின் விதைகள் வெளிவரும். அடுப்பங்கரை மேலே புகையில் தொங்கிய பீர்க்கு, சுரை முற்றல்களும், சாம்பல் கலந்து பானையில் வைத்த பயறும் வெண்டியும் அவை. மரவள்ளித் தடி மேட்டிலும் வத்தாளைக் கொடி வரம்பிலும் ஊன்றப்படும். அடைமழைக் காலத்தில் நீர்மட்டம் தரையை எட்டிவிடும். அப்போது மேட்டுப் பாத்தி இன்றேல் வேர் அழுகும். மழை ஓயத் தொடங்கிய தையிலும் மாசியிலும் அதே பாத்தி தாழ்த்தப்பட்டுக் குழிப்பாத்தியாகும். ஊற்றும் நீர் வெளியே வழியாமல் இருப்பதற்கு. ஒரே நிலம் பருவத்துக்கேற்ப மேடாகவும் குழியாகவும் மாறிய இச்செயலை விதந்து கூறாமல் இருக்க இயலாது. இவற்றோடு கிணற்றடியில் வாழையும் ரம்பையும், முற்றத்து ஓரத்தில் மாதுளையும் தேசியும் நின்றன. முஸ்லிம் வீடுகளில் மருதோன்றியும் நின்றது. பெருநாளுக்கும் திருமணத்துக்கும் இலை தரும் அச்செடி, கச்சான் காற்றையும் தாங்கக்கூடியது. தென்னங்கிடுகு வேய்ந்த மனையும் மஞ்சள் வளர்ந்த முற்றமும் பெரும்பாணாற்றுப்படையிலேயே காட்சியளிப்பன என்பதை நினைவுகூர்ந்தால், இவ்வளவுத் தோட்டம் தமிழ்கூறு நிலத்தின் நெடிய மரபொன்றின் கிளை என்பது தெளிவாகும்.

இவ்வேலைகள் யாவும் பெண்களின் பொறுப்பாக அமைந்தமைக்குப் பருவமே ஒரு காரணம். ஐப்பசியில் கடல் கொந்தளித்துக் கரைவலை ஓயும். அதே வேளையில் மேற்கே பெரும்போக விதைப்புத் தொடங்கும். ஆண்கள் வயலுக்கும் வாடிக்கும் சென்றுவிட, வளவு பெண்ணிடம் தங்கிற்று. மற்றொரு காரணம் இதனினும் ஆழமானது. மட்டக்களப்புத் தொட்டு அக்கரைப்பற்று வரையிலான தமிழர், முஸ்லிம்கள் ஆகிய இரு சாராரிடையேயும் குடி வழி தாய்வழியாகக் கணிக்கப்பட்டது. வீடும் வளவும் சீதனமாகப் பெண்ணுக்கே சென்றன. மணமகன் பெண்ணின் வீட்டுக்கு வந்து வாழ்ந்தான். 1969 முதல் அக்கரைப்பற்றில் களஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே தம் ஆய்வுகளில் இவ்வழமையை விரிவாக விளக்கியுள்ளார். ஆகவே மாதுளையை நட்டவளும் அதன் நிழலில் முதுமையெய்தியவளும் ஒருத்தியே. பத்தாண்டு கழித்துப் பயன்தரும் மரத்தை நடுவதற்கு வேண்டிய உறுதியை அவ்வுரிமை அளித்தது.

ஆயினும் தோட்டத்தை வளர்த்த அதே வழமை அதனைக் குறுக்கவும் செய்தது. ஓர் ஏக்கர் என்பது 160 பேர்ச். மூன்று பெண்மக்களுக்குப் பங்கிடின் ஒருத்திக்கு 53 பேர்ச். அவள் மக்கள் மூவருக்கு ஏறத்தாழ 18. அடுத்த தலைமுறையில் ஆறு. கிழக்கே கடல், மேற்கே வயல், வடக்கிலும் தெற்கிலும் அயலூர். பெண்ணைத் தாயின் அருகிலேயே குடியமர்த்தும் சமூகத்தில் இவ்வெல்லைகளைக் கடந்து செல்லவும் வழியில்லை. 2012இல் ஏறத்தாழ ஒன்பது சதுர கிலோமீற்றர்ப் பிரிவொன்றில் 25,000 அளவினர் வாழ்ந்தனர். அப்பரப்பிலும் ஒரு பெரும்பகுதி வயலே. ஆறு பேர்ச் என்பது பக்கம் ஒன்றுக்கு நாற்பது அடி அளவிலான சதுரம். கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடையே ஐம்பது அடியேனும் வேண்டும் என்பது சுகாதார விதி. விதியைக் காக்கும் அளவுக்கே நிலம் போதாத இடத்தில் தோட்டத்துக்கு இடம் ஏது?

அரசின் பெருந்திட்டங்கள் மணல்வளவைத் தொடவில்லை. 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டு, இங்கினியாகலையில் அணை எழுந்து, சேனாநாயக்க சமுத்திரம் உருவாயிற்று. அதன் வாய்க்கால்கள் வயல்களுக்கே நீர் சுமந்தன. 1961இல் அம்பாறை தனி மாவட்டமாயிற்று. மணலிலோ, நீரிறைக்கும் இயந்திரம் வந்ததே பெரிய மாற்றம். குடம் மெல்ல அள்ளிய இடத்தில் இயந்திரம் மணிக்கணக்கில் உறிஞ்சிற்று.

1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் வீசிய சூறாவளி கீழ்க்கரையின் தோற்றத்தையே மாற்றியது. மட்டக்களப்பு, அம்பாறைக் கரைகளில் தென்னைகள் வரிசை வரிசையாக வீழ்ந்தன. மட்டக்களப்பு மாவட்டத்துத் தென்னந் தோட்டங்களிற் பெரும்பகுதி அழிந்தது. வளவைப் பொறுத்தவரை இழப்பு தேங்காயோடு நிற்கவில்லை. வீட்டுக் கூரையும் வேலிக் கிடுகும் பொச்சுமட்டையும் நிழலும் ஒரே இரவில் அற்றுப்போயின. மறுநட்ட தென்னை காய்க்க ஆறேழு ஆண்டு வேண்டும். அதற்கிடையில் கிடுகு வேலி இருந்த இடங்களில் தகரமும் மதிலும் ஏறத் தொடங்கின. மதில் உப்புக்காற்றைத் தடுக்கும். ஆயின் மக்கி மண்ணுக்கு உரமாவதில்லை.

2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தபோது மாரித் தோட்டங்கள் நிறைவளர்ச்சியில் நின்றன. இலங்கையில் மிகுதியான உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. அம்மாவட்டத்திலும் சாய்ந்தமருது, மாளிகைக்காடு, கல்முனைக் கரைகளின் துயர் சொல்லில் அடங்காதது. மாந்தர் இழப்பின் முன் தோட்டத்தைப் பற்றிப் பேசுதல் சிறுமையாகத் தோன்றக்கூடும். ஆயினும் உயிர் தப்பியோர் திரும்பி வந்து முதலில் தேடியவற்றுள் ஒன்று கிணறு. அது உவர்நீராலும் சேற்றாலும் நிறைந்திருந்தது. கடல் புகுந்த வளவுகளில் வாழையும் முருங்கையும் மாவும் சில கிழமைகளில் காய்ந்தன. தென்னை பெரும்பாலும் தப்பியது. உதவிக்கு வந்தோர் இயந்திரங்களைக் கொண்டு கிணறுகளைத் திரும்பத் திரும்ப இறைத்தனர். நல்ல எண்ணத்தின் விளைவு எப்போதும் நன்றாவதில்லை. சுற்றியுள்ள மணலிலும் உப்பு இறங்கியிருந்தமையால், இறைத்த அளவுக்கு உவர்நீரே ஊறிற்று. எஞ்சியிருந்த மெல்லிய நன்னீர்ப் படையும் குலைந்தது. சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவகத்தார் கீழ்க்கரையில் நடத்திய ஆய்வின் பயனாக, மிகையாக இறைத்தலைத் தவிர்க்குமாறு 2005இல் அறிவுறுத்தப்பட்டது. மணலைக் கழுவக்கூடியது மழையே. மாரிமழை இறங்க இறங்கக் கிணறுகள் படிப்படியாகத் தெளிந்தன. ஆழமாகத் தோண்டாதே, மெல்ல அள்ளு, மாரிக்குக் காத்திரு என்று பூவல் காலத்துப் பாட்டியொருத்தி சொல்லியிருக்கக்கூடியதையே அறிவியலும் சொல்லிற்று.

மீள்குடியேற்றத்தில் வேறொரு மாற்றம் நேர்ந்தது. கரையோரத்தில் மீண்டும் வீடு கட்டுதற்கு அரசு தடைவலயம் வகுத்தமையால், கடலோரக் குடும்பங்கள் பல மேற்கே, வயல்நிலத்தை நிரப்பி அமைத்த குடியிருப்புகளுக்குச் சென்றன. வெனிசுவேலா நாட்டின் உதவியோடு சாய்ந்தமருதில் எழுந்த பொலிவேரியன் கிராமம் அவ்வகையினது. வயல்மண் களிமண், மாரியில் நீர் வடியாது, கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். மணலில் பயின்ற கைக்கு அது அந்நிய நிலம். கிழக்கில் பல இடங்களில் புதிய வீட்டின் உறுதி குடும்பத் தலைவர் என்ற பெயரில் ஆணுக்கு எழுதப்பட்டமையையும் ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டியுள்ளனர். தாய் நட்ட மரம் மகளுக்கு என்னும் தொடர் அவ்விடத்தில் எழுத்தளவிலேனும் அறுந்தது.

பழைய மணல்வளவுகளின் நிலையும் வேறாகிவிட்டது. மேற்கேயிருந்து சுத்திகரித்த நீர் குழாயில் வருகின்றது; கிணற்றை நம்பவேண்டிய தேவை குறைந்தது, அதனைக் காக்கவேண்டிய அக்கறையும் குறைந்தது. முற்றத்தில் புதுமணல் பரப்புவதற்குப் பதிலாகக் கொங்கிறீற்றுக் கல் பதிக்கப்படுகின்றது. எஞ்சிய மருதோன்றியும் கறிவேப்பிலையும் மதிலோரத்துச் சாடிகளில் நிற்கின்றன. ஐப்பசி பிறந்து மழை கொட்டும்போது கல்முற்றத்தில் விழுந்த நீர் தெருவுக்கு ஓடுகின்றது. தெருவிலிருந்து ஊரை ஊடறுத்துச் செல்லும் தோணாவில் சேர்கின்றது. வெள்ளம் வீடுகளுள் புகாதிருக்கத் தோணாவின் வாயை அடைத்துள்ள மணலை வெட்டிவிடுவர். அவ்வாறு வெட்டிய ஓரிரு நாளில், பழைய வளவுகள் எட்டு மாதத்துக்குத் தேக்கி வைத்திருந்த நீர் கடலில் கலந்துவிடுகின்றது.